மேசா ஆர்ச் சூரிய உதயம், ஜனவரி: ஏற்காட்டில் எதைப் பழகிக்கொண்டு போகலாம்?

#1 கன்னங்குறிச்சி_காமிரா

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஜனவரி இரண்டாம் வாரம் அமெரிக்காவின் யூட்டா மாநிலம், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் இருக்கும் மேசா ஆர்ச் என்ற இயற்கைப் பாறை வளைவை உதய நேரத்தில் எடுக்கப் போகிறேன். கிடைப்பது ஒரே ஒரு விடியல்.

கையிருப்பு: 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ், 16–35 எஃப்/4, 70–200 எஃப்/4, கார்பன் ட்ரைபாட், 3 ஸ்டாப் சாஃப்ட் கிராஜுவேட்டட் என்.டி. ஃபில்டர் (ஒரு பாதி மட்டும் கறுத்த கண்ணாடி; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), பேட்டரி இரண்டு.

மார்கழியில் ஏற்காடு பகோடா பாயிண்ட் பக்கம் போய்ப் பழகலாம் என்று நினைப்பு. வளைவின் அடிப்பக்கம் தணல் மாதிரி ஒளிர்வது எதனால், அதை எக்ஸ்போஸ் செய்வது எப்படி, எங்கே ஃபோகஸ் வைப்பது, குளிருக்கு என்ன தயாரிப்பு? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

#2 ஐந்துரோடு

தம்பி, ஏற்காட்டில் வளைவு எங்கே இருக்கிறது? பகோடா பாயிண்டில் இருப்பது அடுக்கிய கற்கூம்புகள். அதை எடுத்துப் பழகி மேசா ஆர்ச்சுக்கு என்ன ஆகப்போகிறது? இயற்கை வளைவுதான் வேண்டும் என்றால் திருமலை சிலாதோரணம் இருக்கிறது. சுமார் 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், குவார்ட்சைட் பாறை, புவியியல் துறை தேசியச் சின்னமாக அறிவித்த இடம். அங்கே போங்கள்.

#3 சேர்வராயன்

சிலாதோரணம் பார்க்க வேண்டிய இடம்தான் அண்ணா, ஆனால் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற இடம். இந்தப் படத்துக்கு வளைவிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில் ட்ரைபாட் போட வேண்டும். தூரத்திலிருந்து எடுத்தால் கல்லில் செய்த வாசல்தான் கிடைக்கும். வளைவுக்குள் தூரத்து மலையைச் சட்டம் போட்டது போல வராது.

காமிரா தம்பிக்கு முதலில் ஒளி விஷயம். மேசா ஆர்ச் மேட்டுநிலத்தின் ஓரத்தில், செங்குத்துப் பாறைச் சுவரின் உச்சியில் நிற்கிறது. நாம் நிற்பது மேற்கே, பார்ப்பது கிழக்கே. சூரியன் எழும்போது வளைவின் நம் பக்கம் நிழலில்தான் இருக்கும். வெயில் விழுவது வளைவுக்கு அந்தப்புறம், அதற்குக் கீழே இறங்கும் சுவரில். அந்தச் சுவர் நவாஹோ மணற்கல், இரும்பு ஆக்சைடு கலந்த செம்மஞ்சள். உதய வெயிலே சிவப்பு. அது சிவந்த சுவரில் பட்டு மேலே திரும்பி வளைவின் அடிவயிற்றில் அடிக்கிறது. நீங்கள் எடுக்கப்போவது சூரியனை அல்ல, அந்த எதிரொளியை. சூரியன் படத்தில் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இதிலிருந்து இரண்டு முடிவு வருகிறது. கிழக்குத் தொடுவானத்தில் மேகக்கட்டு இருந்தால் வளைவு ஒளிராது, தலைக்கு மேல் எவ்வளவு அழகான மேகம் இருந்தாலும் சரி. இரண்டாவது, சூரியன் தலைகாட்டிய நொடியே எல்லாம் முடிந்துவிடாது. வெயில் சுவரில் இறங்க இறங்க எதிரொளி கூடும். நிறைய பேர் நட்சத்திரக் கதிர், அதாவது சூரியனிலிருந்து கதிர்கள் நட்சத்திரம்போல விரியும் படம், கிடைத்ததும் மூட்டை கட்டுகிறார்கள். நல்ல ஒளி அதற்குப் பிறகுதான் ஏறும். சூரியன் எழுந்து அரை மணி நேரமாவது நின்ற இடத்தில் நில்லுங்கள்.

#4 கஞ்சமலை

சேர்வராயன் சொன்னதோடு ஒன்று. இந்த ஒளிர்வை ஏற்காட்டுப் பாறையில் தேடாதீர்கள், வராது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட் என்ற பாறை. கருஞ்சாம்பல், உடைத்த முகத்தில் எண்ணெய் பூசியது போல நீலப்பச்சை. விழுகிற ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், திருப்பித் தருவதிலும் சிவப்பு தூக்கலாக இருக்காது. சேலம் பக்கம் எதிரொளி எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மலைச்சாலையில் செம்மண் வெட்டு தெரியும் இடத்தில் காலை வெயில் நேராக விழும்போது, அதன் எதிரே நிழலில் இருக்கும் வெளிறிய கல்லையோ சுவரையோ பாருங்கள். நிழல்பக்கம் செந்நிறம் ஏறும். காமிராவின் ஒளிமீட்டரைப் பழக அது போதும்.

இன்னொன்று, திசைகாட்டி. போனில் இருக்கும் காம்பஸை நம்பி சூரியன் எழும் இடத்தைக் குறிக்கிறார்கள். சேலத்தில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரண்டு பாகைதான். மேசா ஆர்ச்சுக்குப் பக்கத்து ஊரான மோவாப் பக்கம் 9–10 பாகை கிழக்காக விலகும். செயலியில் மெய் வடக்கு என்று மாற்றி வைக்காவிட்டால் சூரியன் வளைவுக்குள் எழும் என்று நினைத்து, தூணுக்குப் பின்னால் எழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். கஞ்சமலைப் பக்கம் பழகவே வேண்டாம், அங்கே மலையே மேக்னடைட் என்ற காந்த இரும்புக்கல், முள் தன் இஷ்டத்துக்கு ஆடும். கார் பானட், ட்ரைபாட் தலை பக்கத்தில் போனை வைத்துப் பார்ப்பதும் அதே கதை.

#5 மார்கழிப்பனி

தம்பி, ஏற்காட்டுக்கும் அங்கேக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை இன்னும் யாரும் சொல்லவில்லை. சூரியன் ஏறும் சாய்வு.

சேலம் 11.7 பாகை அட்சரேகை. டிசம்பர் கடைசியில் சூரியன் எழும் திசை, வடக்கிலிருந்து வலச்சுற்றாக எண்ணினால், 114 பாகை. எழுந்ததும் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும், தொடுவானத்தோடு 77 பாகை சாய்வு. மேசா ஆர்ச் 38.4 பாகை. அங்கே அதே நாளில் 120 பாகையில் எழுந்து, 47 பாகைச் சாய்வில் வலப்பக்கமாக நழுவிக்கொண்டே ஏறும்.

கணக்காகச் சொன்னால், 10 நிமிடத்தில் சேலத்தில் சூரியன் 2.2 பாகை மேலே, அரை பாகை வலது. அங்கே 1.7 பாகை மேலே, 1.6 பாகை வலது. ஒன்றரை பாகை என்பது சூரியனின் அகலத்தைப் போல மூன்று மடங்கு. பாறை விளிம்பில் சூரியனைப் பாதி ஒளித்து நட்சத்திரக் கதிர் எடுக்கிறவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. பாறை உங்களிடமிருந்து 3 மீட்டரில் இருந்தால், அதே விளிம்பில் சூரியனைப் பிடித்துவைக்க 10 நிமிடத்தில் காமிராவை 8 செ.மீ. இடது பக்கமும் 9 செ.மீ. கீழேயும் நகர்த்த வேண்டும். ஏற்காட்டில் பழகினால் கை கீழே இறக்கத்தான் பழகும். இடது நகர்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் வரும் வேகமும் வேறு. இங்கே சிவில் ட்வைலைட், அதாவது உதயத்துக்கு முந்தைய வெளிச்ச நேரம், சுமார் 23 நிமிடம், அங்கே அரை மணி நேரம். நம்மூரில் பதறிப் பழகியவருக்கு அங்கே நேரம் தாராளம்.

உதய நேரம்: சேலத்தில் டிசம்பர் 21 வாக்கில் 6.32, ஜனவரி நடுவில் 6.41, ஜனவரி கடைசியில் 6.43. பகல் மிகக் குறுகிய நாள் டிசம்பரில் வந்தாலும் உதயம் மிகத் தாமதமாவது ஜனவரி கடைசியில்தான், அதனால் தையில் போனால் இன்னும் பத்து நிமிடம் தூங்கலாம். மேசா ஆர்ச்சில் நீங்கள் போகும் வாரம் உள்ளூர் நேரம் 7.37 வாக்கில். பகோடா பாயிண்ட் போன்ற உயரத்திலிருந்து சமவெளியைப் பார்த்தால் சூரியன் கணக்கைவிட ஐந்து நிமிடம் வரை முந்தித் தெரியலாம். ஆனால் அடிவானத்தில் தூசுமண்டலம் இருந்தால் அந்த லாபத்தை அது தின்றுவிடும்.

#6 கன்னங்குறிச்சி_காமிரா

அக்கா, சாய்வுக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. அப்படியானால் நிற்கும் இடம்? வளைவுக்கு நேர் நடுவில் நிற்கலாமா?

#7 மார்கழிப்பனி

நடுவில் வேண்டாம். லா சால் மலைத்தொடர் அங்கிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே, 84 பாகை வாக்கில். குளிர்கால சூரியன் 118–120. அதாவது மலைக்கு வலது பக்கம் 35 பாகை தள்ளி. வளைவின் நடுவிலிருந்து இடது பக்கமாகத் தள்ளி நின்றால் துளை வழியாக வலது பக்கம் அதிகம் தெரியும், சூரியன் துளைக்குள் விழும். வலது பக்கம் நின்றால் தூணுக்குப் பின்னால் போய்விடும். ஜூனில் இந்தக் கணக்கு தலைகீழ், சூரியன் மலைக்கு இடது பக்கம் போய்விடும். குளிர்காலப் படமும் கோடைப் படமும் ஒரே இடத்தில் எடுத்ததுபோல இருக்காது என்பதற்குக் காரணம் இதுதான்.

16 மி.மீ.யில் கிடைமட்டக் கோணம் 97 பாகை. மலையும் சூரியனும் ஒரே சட்டத்தில் அடங்கும்.

உயரத்தையும் கவனியுங்கள். வளைவு அகலமானது, தாழ்வானது. ட்ரைபாடை நிற்கும் உயரத்துக்கு ஏற்றினால் வளைவின் மேல்கோடு தொடுவானத்தை அழுத்தும், வானத்துக்கு இடம் இருக்காது. இடுப்புக்குக் கீழே இறக்கினால் துளை மேலெழும்பும். ரொம்ப இறக்கினால் அடியில் கிடக்கும் பாறை, பள்ளத்தாக்கில் நிற்கும் வாஷர் உமன் கற்கோபுரத்தை மறைக்கும். கோபுரத்தின் அடிக்கும் துளையின் கீழ்விளிம்புக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருக்கும்படி வையுங்கள். பாறை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது 5 செ.மீ. ஏற்ற இறக்கமே படத்தை மாற்றிவிடும். நடுத்தண்டை உயர்த்தாமல் காலை நீட்டிக் குறுக்கியே சரிசெய்யுங்கள். நடுத்தண்டு ஆடும்.

#8 பட்டறை_பழனி

ஃபில்டர் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்த 3 ஸ்டாப் கிராஜுவேட்டட் என்.டி.யை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அது நேர்கோட்டுத் தொடுவானத்துக்குச் செய்த சாமான். இங்கே வளைவின் மேல்பாகம் வானத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஃபில்டரின் கறுப்புப்பாதி வானத்தைக் குறைக்கும்போது வளைவையும் சேர்த்துக் கறுப்பாக்கும். நீங்கள் காப்பாற்ற வந்ததே அந்த ஒளிர்வை. கூடவே சூரியன் எதிரே இருக்கும்போது ஒரு கண்ணாடி கூடினால் ஒரு ஃப்ளேர் (லென்ஸுக்குள் சிதறும் ஒளிப்புள்ளி) கூடும். யூ.வி. ஃபில்டரையும் கழற்றுங்கள். போலரைசரும் கூடாது, 16 மி.மீ.யில் வானம் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளிறல் என்று திட்டுத்திட்டாக வரும்.

பிராக்கெட்டிங்தான் வழி, அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் வரிசையாக எடுப்பது. ரா கோப்பு (பதப்படுத்தாத மூலப்படம்), ஐ.எஸ்.ஓ. 100, மேனுவல். 5 படம், 2 ஸ்டாப் இடைவெளி. சூரியன் எழுந்த நேரத்துக்கு எஃப்/11 என்றால் நடுப்படம் சுமார் 1/30-ல் தொடங்குங்கள். அப்போது வரிசை 1/500, 1/125, 1/30, 1/8, 1/2. சூரியனைச் சுற்றிய வானம் முதலிரண்டில் கிடைக்கும், வளைவின் அடிப்பக்கம் மூன்றாவது நாலாவதில், தரைப்பாறையின் நிழல் ஐந்தாவதில். இது தொடக்கப்புள்ளிதான், ஹிஸ்டோகிராம் (திரையில் வரும் வெளிச்சப் பரவல் வரைபடம்) சொல்வதைக் கேளுங்கள். சில காமிராவில் 5 படத்துக்கு 1 ஸ்டாப்புக்கு மேல் விடாது. அதை இன்றைக்கே மெனுவில் பாருங்கள். விடாவிட்டால் 3 படம் 2 ஸ்டாப் வைத்து, நடுவை நகர்த்தி இரண்டு முறை அடிக்க வேண்டும்.

ஹிஸ்டோகிராமில் வெள்ளைக்கோட்டை மட்டும் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் ஏமாறுவார்கள். வளைவின் அடிப்பக்கத்தில் சிவப்புச் சானல் முதலில் வெடிக்கும், மொத்த வெளிச்சக்கோடு பத்திரமாக இருப்பதுபோலவே காட்டும். மூன்று நிறக்கோடும் தனித்தனியாகத் தெரியும்படி வைத்து, சிவப்பு வலது சுவரில் இடிக்காத படம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு வெடித்தால் கல்லின் நரம்பு, வரி, சொரசொரப்பு எல்லாம் போய் ஆரஞ்சு பெயின்ட் அடித்த சிமெண்ட் போலத் தெரியும். எடிட்டிங்கில் மீட்க முடியாது.

வெள்ளைச்சமன் ஆட்டோவில் கூடாது. காமிரா அந்தச் செம்மையைப் பிழை என்று நினைத்துத் திருத்தும், அதுவும் பிராக்கெட்டின் ஒவ்வொரு படத்திலும் வேறுவேறாக. டேலைட்டில், 5,500 கெல்வின் பக்கம், பூட்டிவிடுங்கள். ராவில் பின்னால் மாற்றலாம்தான், ஆனால் திரையில் காட்டும் ஹிஸ்டோகிராம் இந்தச் சமனை வைத்துத்தான் வரைகிறது.

#9 ஐந்துரோடு

பிராக்கெட் பிராக்கெட் என்று எல்லாரும் ஒரே பாட்டு. இப்போதைய சென்சார் ஐ.எஸ்.ஓ. 100-ல் 14 ஸ்டாப் வாங்குகிறது. சூரியனைச் சுற்றி வெடிக்காமல் ஒரே படம் எடுத்து நிழலைத் தூக்கினால் போதாதா? ஐந்து படத்தை ஒட்டவைத்துக் கல்லைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் வந்த படங்கள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன.

#10 பட்டறை_பழனி

ஒளிவட்டம் பிராக்கெட்டின் குற்றம் இல்லை அண்ணா, ஒட்டுகிறவர் குற்றம். ஹெச்.டி.ஆர். பொத்தானை அழுத்தி, க்ளாரிட்டியை மேலே தள்ளினால் வரும். இருட்டு வளைவும் வெளிச்ச வானமும் சந்திக்கும் கோடுதான் இந்தப் படத்தின் ஆபத்தான இடம். லூமினாசிட்டி மாஸ்க் (வெளிச்ச அளவை வைத்துப் படத்தைப் பகுதி பிரிப்பது) போட்டு, மாஸ்க்கின் விளிம்பை 1–2 பிக்சலுக்கு மேல் மங்கவிடாமல், இரண்டே படத்தை ஒட்டினால் போதும். வானத்துக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று. மிச்சம் மூன்றும் காப்பீடு.

ஒரே படம் போதும் என்பது சூரியன் சட்டத்துக்கு வெளியே இருக்கும்போதும், உதயத்துக்கு முன்னாலும் சரி. சூரியன் உள்ளே வந்துவிட்டால் நிழல்பாறையை 4–5 ஸ்டாப் தூக்க வேண்டியிருக்கும். ரைஸை 100 சதம் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

#11 ஐந்துரோடு

'ரைஸை' இல்லை, 'நாய்ஸை'. போனில் அடித்தால் இப்படித்தான். மற்றபடி சூரியன் உள்ளே இருக்கும்போது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

#12 சேர்வராயன்

ஃபோகஸ் கேள்வி விட்டுப்போயிற்று.

16 மி.மீ., எஃப்/11-ல் ஹைப்பர்ஃபோகல் தூரம், அதாவது ஃபோகஸை அங்கே வைத்தால் அதன் பாதித் தூரத்திலிருந்து தொடுவானம் வரை தெளிவாக வரும் இடம், புத்தகக் கணக்குப்படி 0.8 மீட்டர். அது பழைய ஃபிலிம் அளவுக்கான மங்கல் வரம்பு. 24 மெகாபிக்சலைப் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு 1.2 மீட்டரில் வைப்பது பத்திரம். 24 மி.மீ.க்கு ஜூம் செய்தால் புத்தகக் கணக்கே 1.75 மீட்டர் ஆகிவிடும், நீங்கள் 2.5-ல் வையுங்கள். தூரத்து மலை கொஞ்சம் மங்கினாலும் கண் உடனே கண்டுபிடிக்கும், காலடிப் பாறை மங்கினால் அவ்வளவு உறுத்தாது. சந்தேகம் என்றால் பக்கத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என இரண்டு ஃபோகஸில் எடுத்து ஒட்டுங்கள்.

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். டார்ச்சைப் பாறையில் அடித்து, லைவ் வியூவைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் வைத்து, எம்.எஃப்.க்கு (மேனுவல் ஃபோகஸ்) மாற்றி, வளையத்தில் ஒரு துண்டு டேப். இதை மற்றவர்கள் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பத்துப் பேர் நீண்ட எக்ஸ்போஷரில் இருக்கும்போது வளைவில் டார்ச் அடித்தால் எந்த நாட்டிலும் திட்டுதான் விழும்.

நட்சத்திரக் கதிருக்கு எஃப்/16. அப்போது மேலே சொன்ன வேகங்கள் எல்லாம் ஒரு ஸ்டாப் மெதுவாகும். எஃப்/22 போகாதீர்கள், டிஃப்ராக்ஷனில் (சிறு துளையில் ஒளி விரிவதால்) மொத்தப் படமும் மழுங்கும். லென்ஸ் துளையைச் சுருக்கும் இலைகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர், ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு. 7 இலைக்கு 14, 9 இலைக்கு 18. சூரியன் முழுசாகத் தெரிந்தால் கதிர் குண்டாகி மொண்ணையாகும். முக்கால்வாசியைப் பாறை மறைக்கட்டும்.

ஃப்ளேர் புள்ளிகள் விழுந்தால், அதே எக்ஸ்போஷரில் சூரியனைக் கட்டைவிரலால் மறைத்து இன்னொரு படம் எடுங்கள். புள்ளி விழுந்த இடத்தை அதிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம். லென்ஸ் முன்கண்ணாடியில் விரல்ரேகை இருந்தால் இந்த வித்தை எதுவும் எடுபடாது. முந்தின இரவே துடைத்து வையுங்கள்.

#13 போன்_பாண்டியன்

காமிரா இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. போனில் எடுத்தால் தேறுமா?

#14 மார்கழிப்பனி

தேறும். அல்ட்ராவைடு லென்ஸ்தான் வளைவுக்கு, ஆனால் பல போன்களில் அதன் சென்சார் சின்னது, உதயத்துக்கு முன்னால் குழம்பும். சூரியன் வந்த பிறகு எடுங்கள். வளைவின் அடிப்பக்கத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். ரா வசதி இருந்தால் அதில். சின்ன ட்ரைபாடும் 3 விநாடி டைமரும் இருந்தால் பாதிக் குறை தீர்ந்தது. குளிரில் போன் சட்டென்று அணைந்துவிடும், எடுக்கும் வரை உள்சட்டைப் பையில் இருக்கட்டும்.

#15 கஞ்சமலை

குளிர் பற்றி. மேசா ஆர்ச் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது, ஜனவரி விடியலில் பூஜ்ஜியத்துக்குக் கீழே சாதாரணம். ஏற்காடு 5,000 அடிக்குக் கொஞ்சம் குறைவு, மார்கழியில் 12–13 டிகிரி. இரண்டு குளிரும் வேறு ஜாதி.

ஏற்காட்டுக் குளிர் ஈரமானது. தெளிந்த வானம், காற்று இல்லை என்றால் லென்ஸ் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு இழந்து சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைவு. உடனே பனித்துளி. துடைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. பவர் பேங்கில் ஓடும் யூ.எஸ்.பி. ஹீட்டர் பட்டையை லென்ஸ் முனையில் சுற்றினால் கவலை விட்டது. காரில் ஏ.சி. போட்டு மலையேறி, பையைத் திறந்ததும் காமிரா மூடுபனி பிடித்து நிற்பதும் இதே காரணம்தான். கடைசிக் கொண்டை ஊசிகளில் ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள்.

யூட்டா குளிர் வறண்டது. லென்ஸில் பனி படிவது அபூர்வம். ஆனால் வியூஃபைண்டரில் மூச்சு விட்டால் அங்கேயே உறையும். மூக்கைத் திருப்பிக்கொள்ளுங்கள், அல்லது பின்திரையில் பாருங்கள். ஆபத்து திரும்பும்போதுதான். உறைந்த காமிராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் உள்ளே வெளியே எல்லாம் வியர்க்கும். வெளியிலேயே ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி மூடி, அறையில் இரண்டு மணி நேரம் திறக்காமல் விடுங்கள். மெமரி கார்டை மட்டும் முன்பே கழற்றிக்கொண்டால் படத்தைப் பார்க்கும் அவசரத்தில் பையைத் திறக்க மாட்டீர்கள்.

பேட்டரி இரண்டு போதாது, மூன்றாவது வாங்குங்கள். ஒன்று காமிராவில், மற்றவை உடம்பை ஒட்டிய பையில். காலியான பேட்டரியைச் சூடாக்கினால் கொஞ்சம் உயிர் வரும், எறியாதீர்கள். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பார்த்து, தட்டைமுனை அடாப்டர் ஒன்று.

கையுறை மெல்லியது ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று. மெல்லியதோடு பொத்தானை அழுத்த வருகிறதா என்று இங்கேயே பாருங்கள். கார்பன் ட்ரைபாட் நல்லது, அலுமினியம் என்றால் மேல்காலில் பேட்மிண்டன் கிரிப் டேப் சுற்றுங்கள்.

#16 சேர்வராயன்

காலுக்கும். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து வளைவுக்குப் போக வர ஒரு கிலோமீட்டர்தான், குழந்தைகளும் நடக்கும் பாதை. ஆனால் பனி மிதிபட்டு உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும் பாறையில், இருட்டில், ட்ரைபாடோடு. ஷூவுக்கு மாட்டும் இரும்புமுள் பட்டை கட்டாயம் எடுங்கள். மோவாப் கடைகளில் கிடைக்கும். வளைவுக்கு அந்தப்புறம் நேர்ச்சரிவு, வேலி கிடையாது. வளைவின் மேல் ஏறுவது பூங்கா விதிப்படி தடை. டிரோனும் அமெரிக்க தேசியப் பூங்காக்களில் தடை, 2014 முதல்.

மோவாபிலிருந்து முக்கால் முதல் ஒரு மணி நேர ஓட்டம், பனி பெய்திருந்தால் இன்னும் அதிகம். உதயம் 7.37 என்றால் 6 மணிக்கு வளைவில் இருங்கள். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. முதல் வரிசை பிடித்தால் தாழ்வாக வையுங்கள், பின்னால் நிற்பவர் உங்கள் தலைக்கு மேல் எடுப்பார். இடம் பிடித்தபின் முன்னால் நடக்கக் கூடாது, அது அங்கே எழுதாத சட்டம்.

#17 கன்னங்குறிச்சி_காமிரா

எல்லாருக்கும் நன்றிங்க. அப்படியானால் ஏற்காட்டில் பழகுவது வீணா, உபயோகமா?

#18 ஐந்துரோடு

என் கருத்து மாறவில்லை. அதே பழக்கத்தை வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டித் தூணுக்கு நடுவில் வைத்தே செய்யலாம். பெட்ரோல் மிச்சம்.

#19 மார்கழிப்பனி

மொட்டைமாடியில் குளிர் இல்லை, இருட்டில் மேடுபள்ளம் இல்லை, கை விறைக்காது. ஏற்காடு போகட்டும். ஆனால் காட்சிக்காக அல்ல, வரிசைக்காக. கிழக்கே திறந்த ஓரத்தில், வேலிக்கு இந்தப்பக்கமே, ஒன்றரை மீட்டரில் ஒரு பாறையோ மரக்கிளையோ முன்னால் வரும்படி நிற்க வேண்டும். இருட்டில் ட்ரைபாட், ஃபோகஸ், டேப், பிராக்கெட், உதயத்தில் எஃப்/16-க்கு மாற்றம், கட்டைவிரல் படம், மறுபடி எஃப்/11. டார்ச் அணைத்து, கையுறையோடு, மெனுவைத் தேடாமல் இது ஓடினால் தயார். திரை வெளிச்சத்தைக் குறைந்த அளவில் வைத்துப் பழகுங்கள். இருட்டில் பளிச்சென்ற திரை எல்லாப் படமும் சரியாக இருப்பதாகப் பொய் சொல்லும்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் வால் இருக்கும், ஒன்று முழு மூடுபனி, இல்லை மேகம். ஜனவரி முதல் வாரம் நம்பகம். போகி அன்று காலை சமவெளியிலிருந்து எழும் புகையில் சூரியன் வெறும் சிவப்புத் தட்டாக வரும், கதிரே விழாது. அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள்.

இருட்டில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசியும் ஏறும்போது காட்டெருமை குறுக்கே நிற்கலாம். ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, அது நகரும் வரை வண்டியிலேயே இருங்கள்.

#20 கன்னங்குறிச்சி_காமிரா

கடைசியாக ஒன்று. 70–200 எடுத்துப் போகட்டுமா, சுமையா?

#21 சேர்வராயன்

எடுத்துப் போங்கள். அகலப் படம் முடிந்து, எதிரொளி உச்சத்தில் இருக்கும்போது, ட்ரைபாடை நகர்த்தாமல் கையில் பிடித்து 70–100-ல் வாஷர் உமன் கோபுரத்தை வளைவின் ஒளிர்ந்த விளிம்போடு சேர்த்து எடுக்கலாம். எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 400, ஸ்டெபிலைசர் ஆன். ட்ரைபாடில் இருக்கும் காமிராவில் ஸ்டெபிலைசரை அணைத்திருப்பீர்கள், மறுபடி போட மறக்காதீர்கள். லென்ஸ் மாற்றும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி, காமிரா வாயைக் கீழே பார்க்கவைத்து மாற்றுங்கள், அங்கே மணல் பறக்கும்.

#22 பட்டறை_பழனி

திரும்பி வந்ததும் ராவை இங்கே பகிருங்கள் தம்பி, 1/30-ஐயும் 1/125-ஐயும் மட்டும். ஒட்டுவதை ஐந்துரோடு அண்ணா பார்த்துக்கொள்வார்.

#23 ஐந்துரோடு

ஒரே படம் கொடுங்கள், போதும்.